ஆட்டுத்தோல் கையுறையும் ஒரு ராணித் தேனீயும்

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத் தோட்டத்தில் புங்க மரத்தடியில் தேன்பெட்டி. அதற்கு நாலைந்து முழம் தள்ளி ஆறாம் வகுப்புப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தியும் பெட்டியைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

அன்றைக்கு நான் புதுக் கையுறை மாட்டியிருந்தேன். முழங்கை வரைக்கும் வரும் ஆட்டுத்தோல் கையுறை. என் அண்ணன் சாமுவேல் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் மேஸ்திரியாக இருந்தான். தங்கச்சி தேனீயிடம் கொட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறாளே என்று, நல்ல தோலாகப் பொறுக்கி எடுத்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து அனுப்பியிருந்தான்.

நாங்கள் தோல் ஊர்க்காரர்கள். எங்களுக்கு எதற்கும் தோல்தான் ஞாபகம் வரும். கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கவலைச் சால், குழந்தைக்குப் பந்து, வண்டி மாட்டுக்குப் பட்டை எல்லாம் தோலில் செய்தவர்கள், தேனீக்குக் கையுறை என்றால் வேறு எதில் செய்வோம்? மற்ற ஊராக இருந்தால் நாலு மடிப்புத் துணியைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், அந்த ராணியும் பிழைத்திருக்கும்.

தேனீக்குத் தோல் வாசனை ஆகாது. கூட்டுக்குள் ஏதோ மிருகம் கை விடுகிறது என்று அது நினைத்துக்கொள்ளும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூடியைத் திறந்து, தேனடை கட்டிய மூன்றாவது மரச்சட்டத்தைத் தூக்கியதும் மொத்தக் கூட்டமும் என் கைமேல் வந்து விழுந்தது. தோலுக்குள் கொடுக்கு இறங்கவில்லை. ஆனால் சத்தம்! பெண்கள் "ஐயோ" என்று கத்திக்கொண்டு வகுப்பறைக்கே ஓடிவிட்டார்கள். அந்தக் களேபரத்தில் சட்டம் நழுவியது. விழாமல் இருக்க அடையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன்.

விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு தடித்த தோல்.

சட்டத்தை வைத்து மூடியைப் போட்டுவிட்டு, ஓடிப்போய்க் கருவி அறையில் கையுறையைக் கழற்றினேன். வலது கட்டைவிரல் தையலோரத்தில் ராணி நசுங்கிக் கிடந்தது. மற்ற ஈயைவிட நீளமான வயிறு, குட்டை இறக்கை. சந்தேகத்துக்கே இடமில்லை. சுவரில் தேய்த்துத் தள்ளிவிட்டு, கையுறை இரண்டையும் சுருட்டி, மூலையில் கிடந்த கோணிச் சாக்குகளுக்கு அடியில் செருகினேன்.

ஏன் ஒளித்தேன் என்று கேட்டால், பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். பயம் இல்லை. வெட்கம். இயற்கைப் பாட டீச்சர், புதுக் கையுறை போட்டுக்கொண்டு, வகுப்பு முழுக்கப் பார்க்க, ராணியையே நசுக்கிவிட்டாள் என்று பேசுவார்களே, அந்த வெட்கம்.

கொடுக்கு டீச்சர்

போன வாரம் ஒரு வாசகி, "உங்களுக்கு ஏன் 'கொடுக்கு டீச்சர்' என்று ஒரு பட்டப்பெயர்?" என்று எழுதிக் கேட்டிருந்தார். தேனீயால் வந்த பெயர் என்று அவர் நினைத்திருக்கிறார். இல்லை அம்மா. பெட்டி வருவதற்கு முன்னாலேயே எனக்கு அந்தப் பெயர் இருந்தது. என் வாய் அப்படி. கணக்குத் தப்பினால் ஒரு கொட்டு, தலை வாராமல் வந்தால் ஒரு கொட்டு. அந்தப் பெயர் எனக்கும் தெரியும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடம் மாதனூரைத் தாண்டி, பாலாற்றங்கரையில் இருந்தது. பெண்கள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். அதை நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். எல்லோரும் மிஸ்ஸம்மா என்போம். புத்தகத்தில் படித்த தமிழைப் புத்தகத்தில் இருக்கிறபடியே பேசுவார். வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அசராத மனுஷி. யார் மேலாவது ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதை மாற்ற ஆண்டவனால்கூட முடியாது.

தேன்பெட்டி அவர் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தது. ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். செங்கல் மேடை கட்டி, எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். பெட்டியைத் திறந்து பார்ப்பது என் வேலை. கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் புகை போடுவதும் தோட்டக்காரர் மாசிலாமணியின் வேலை.

மாசிலாமணிக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அந்தக் காலத்தில் நான் அவரை "நீ" என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் "அவர்" என்று வருகிறது. வரட்டும்.

அவருக்கு மனைவி இல்லை. எஸ்தர் என்று ஒரே பெண், என் ஆறாம் வகுப்பில் படித்தாள். தோட்டக்காரர் மகள் என்பதால் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமும் சாப்பாடும். காம்பவுண்டுக்குள்ளேயே ஓர் ஓட்டு வீடு. வேலை போனால் வீடும் போகும், படிப்பும் போகும். அவர்கள் சொந்த ஊரில் பெண்பிள்ளைகள் கரட்டுக் குன்றில் ஆவாரம்பட்டை உரிக்கப் போவார்கள். எஸ்தரும் போகவேண்டியதுதான்.

சத்தம் மாறியது

ராணி போன விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் மாசிலாமணிதான். மறுநாளோ அதற்கு மறுநாளோ, காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, பொட்டி சத்தம் இன்னாவோ மாதிரி கீது. வந்து காது வச்சுப் பாருங்க."

காதை வைத்துக் கேட்டேன். வழக்கமாக ஒரே சீராக இருக்கும் ரீங்காரம் ஏறியும் இறங்கியும் கேட்டது.

"ராணி இல்லாத கூடு இப்படித்தான் கத்தும்" என்றார்.

"மழை விட்டதில்லையா, அதனால இருக்கும்" என்றேன் நான். கூசாமல் சொன்னேன்.

ஒரு வாரத்தில் மிஸ்ஸம்மா பார்க்க வந்துவிட்டார். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். முட்டை ஒன்றுகூட இல்லை, அப்படியென்றால் ராணியும் இல்லை.

"ராணி எப்படி இறந்தது?" என்று கேட்டார்.

மாசிலாமணி கையில் புகைச்சட்டியோடு பக்கத்தில் நின்றிருந்தார். எங்கள் பக்கத்தில் ஆவாரம்பட்டையைப் போட்டுத்தான் தோல் பதனிடுவார்கள். ஊறி முடிந்த பட்டைச் சக்கையை டேனரிக்காரர்கள் வெளியே கொட்டிவிடுவார்கள். அதைக் காயவைத்து ஜனங்கள் அடுப்பெரிப்பார்கள். மாசிலாமணி புகைக்கும் அதைத்தான் போடுவார். என் கண் அந்தச் சட்டியில் விழுந்தது.

"பட்டைச் சக்கைப் புகை ஒத்துக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்டிருப்பான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு வாக்கியம்.

அதற்கு முந்தைய கோடையில்தான் மிஸ்ஸம்மா ஆசையாக வைத்த ஒட்டுமாங்கன்று நாலு காய்ந்துபோயிருந்தது. அந்தக் கோபம் அவருக்கு ஆறவில்லை. மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தார்.

"மாங்கன்றுகள் செத்தன. இப்பொழுது ராணி செத்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் இந்தப் பெட்டியைப் பார்ப்பேன். இதில் ராணி இல்லாவிட்டால், மாசிலாமணி, நீ வேறு வேலை தேடிக்கொள்."

மாசிலாமணி என்னைப் பார்த்தார். பிறகு புகைச்சட்டியைப் பார்த்தார். "சரிங்கம்மா" என்றார்.

அன்று மத்தியானம் வகுப்பில் எஸ்தர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நதிகளின் பெயரை ஒப்பித்தாள். ஒரு தப்பு இல்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நிலக்கடலைக் கூடு

ராணி செத்துவிட்டால் தேனீக்கள் சும்மா இருக்காது. இருக்கிற சின்னப் புழுக்களில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, விசேஷச் சாப்பாடு கொடுத்து, புது ராணியாக வளர்க்கும். அதற்குத் தனியாக ஓர் அறை கட்டும். நிலக்கடலைத் தோடு தலைகீழாகத் தொங்குகிற மாதிரி இருக்கும். எங்கள் பெட்டியிலும் அப்படி மூன்று தொங்கின. எனக்குப் போன உயிர் வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. புது ராணி வெளியே பறந்து போய் ஆண் ஈக்களோடு கூடித் திரும்பினால்தான் முட்டை வைக்கும். பருவம் முடிந்த காலத்தில் ஆண் ஈ ஏது? பூ குறைந்ததும் வேலைக்காரத் தேனீக்கள் அவற்றைத் துரத்திவிடும். அந்த வருஷம் பூ ரொம்பவே கம்மி. கரட்டில் இருந்த ஆவாரம் செடியை எல்லாம் பட்டைக்காக வெட்டி வண்டி வண்டியாக ஆம்பூருக்கு ஏற்றிவிட்டார்கள். மஞ்சளாகத் தெரிகிற கரடு அந்தக் கார்த்திகையில் வெறும் மண்ணாகக் கிடந்தது.

போதாததற்குப் பஞ்சுருட்டான் குருவிகள். பச்சையாக, பார்க்க அழகாக, தந்திக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பறக்கிற தேனீயைக் கொத்துவதுதான் அவற்றின் பிழைப்பு. மாசிலாமணி கவணும் கல்லுமாகத் தோட்டத்தில் நாள் முழுக்க நின்றார். ஒரு கல் சமையல்கட்டு ஓட்டை உடைத்தது. அதற்கும் திட்டு வாங்கினார்.

"பேஜாரா போச்சு டீச்சரம்மா. இங்க வெரட்டுனா அங்க போய் குந்துது" என்பார்.

மூன்றில் முதலில் பிறந்து மற்ற இரண்டையும் கொன்றுபோட்ட புது ராணி ஒருநாள் வெயிலில் வெளியே போனது. திரும்பி வரவேயில்லை. ஆண் ஈயைத் தேடிப் போய் வழி தவறியதோ, குருவி வயிற்றுக்குள் போனதோ, தெரியாது.

பெட்டியில் இனிப் புழு இல்லை, இன்னொரு ராணியை வளர்க்க வழியும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் வேலைக்காரத் தேனீக்களே முட்டை போட ஆரம்பிக்கும். அதிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் பிறக்கும். அதோடு கதை முடிந்துவிடும். முட்டை வைத்துக்கொண்டிருக்கிற ராணியாக வேறு கூட்டிலிருந்து பிடித்து வந்தாலொழிய வழியில்லை.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம், அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. தினமும் காலையில் எழுந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்வேன். ஜெபம் முடிந்து மிஸ்ஸம்மா முகத்தைப் பார்த்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவேன். நாள் ஆக ஆக, ராணியைக் கொன்றதைவிட அதைச் சொல்லாமல் இருந்ததுதான் பெரிய குற்றமாகிவிட்டது. பெரிய குற்றத்தைச் சொல்வது இன்னும் கஷ்டம்.

பட்டைக் கிடங்கின் சுவர்

மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னைப் பார்க்க வந்தான். பேச்சுவாக்கில் சொன்னான்.

"எங்க டேனரியிலயும் இதே தொல்லைதான் கிரேஸு. பட்டை கிடங்கு செவுத்துப் பொந்துல தேன் ஈ. ஆளுங்களை கொட்டுது. நாளைக்கு மறுநாள் பந்தம் காட்டி கொளுத்திட சொல்ட்டாரு மொதலாளி."

நான் காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு மாசிலாமணியைத் தேடி ஓடினேன்.

மறுநாள் மிஸ்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டு, பட்டை ஏற்றிப் போகிற வண்டி ஒன்றில் இரண்டு பேரும் ஆம்பூர் போனோம். டேனரிக்குள் போகாதவர்களுக்கு அந்த வாடையைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. சுண்ணாம்புத் தொட்டி ஒரு பக்கம், ஊறுகிற தோல் ஒரு பக்கம். ஆனால் பட்டைக் கிடங்கு மட்டும் காய்ந்த இலை மாதிரி மணக்கும். அதன் பழைய செங்கல் சுவரில், ஆள் உயரத்தில் ஒரு பொந்து. தேனீ போவதும் வருவதுமாக இருந்தது.

அண்ணன் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான். "கையுறை எங்க? கொண்டாரலையா?"

நான் புகைச்சட்டியை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"கை போதும் சார்" என்றார் மாசிலாமணி. என் பக்கம் அவர் திரும்பவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கடப்பாரையால் இரண்டு செங்கல்லைப் பெயர்த்தார்.

வெறுங்கையை உள்ளே விட்டு அடை அடையாக அறுத்து எடுத்தார். அவசரமே இல்லை. கொட்டும்போது மட்டும் மூச்சை ஒருமுறை இழுப்பார். நாலாவது அடையில் ராணி இருந்தது. இரண்டு விரலால் இறக்கையைப் பிடித்து எடுத்தார். அந்த விரல்கள் எவ்வளவு மெதுவாக மூடின என்று நான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

ராணியைக் கம்பிவலைச் சுருள் ஒன்றில் விட்டோம். சுருளின் வாயைச் சர்க்கரையும் தேனும் பிசைந்த உருண்டையால் அடைக்கவேண்டும். பெட்டியில் இருக்கிற தேனீக்கள் அதை வெளியிலிருந்து தின்று வழி திறப்பதற்குள், புது ராணியின் வாசனை அவற்றுக்குப் பழகிவிடும். நேரே விட்டால் அந்நிய ராணி என்று கொன்றுபோடும்.

"ஆற்காட்டு மக்கன் பேடா இருக்குது, அதை வச்சு அடைக்கலாமா?" என்றான் அண்ணன். எஸ்தருக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்தான்.

"நெய்யில பொரிச்சத ஈ தொடாது சார். அது புள்ளைக்கே போவட்டும்" என்றார் மாசிலாமணி.

பொந்தில் மிச்சம் இருந்த தேனீக்களை மறுநாள் பந்தம் காட்டி எரித்துவிட்டார்கள். எங்கள் பெட்டி பிழைக்க அந்தக் கூடு அழிந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

சுருளைப் பெட்டிக்குள் தொங்கவிட்டதும் தேனீக்கள் அதன் மேல் அப்பிக்கொண்டன. கடிக்கின்றனவா, உள்ளே இருக்கிற ராணிக்கு ஊட்டுகின்றனவா என்று தெரியவில்லை. மாசிலாமணியின் வலது கை பன் ரொட்டி போல வீங்கியிருந்தது. மூன்று நாள் இடது கையாலேயே சாப்பிட்டார். எஸ்தர் அவருக்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் நானே வெறுங்கையோடு பெட்டியைத் திறந்தேன். இரண்டு கொட்டு விழுந்தது. பரவாயில்லை, எனக்கு அது வேண்டும். சுருள் காலியாக இருந்தது. இரண்டாவது சட்டத்தில் ராணி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. சுற்றி இருந்த தேனீக்கள் அதற்கு வழி விட்டு நின்றன. "மாசிலாமணி, இருக்குது!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். அதற்கு முன்னால் அவர் சிரித்துப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மிஸ்ஸம்மா சொன்னபடி வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடைக்குள் குனிந்து பார்த்தார். ஒவ்வோர் அறையிலும் ஒரு முட்டை, வெள்ளை நூல் துண்டு போல நின்றது.

"நல்லது. மாசிலாமணி, நீ இருக்கலாம். இனிமேல் அந்தப் பட்டைச் சக்கையைப் புகைக்காதே" என்றார்.

"சரிங்கம்மா."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வேலை தப்பியது, வீடு தப்பியது, எஸ்தர் படிப்பும் தப்பியது. இனி எதற்குச் சொல்லவேண்டும் என்று மனசு சொன்னது. சொல்லாமலே விட்டுவிட்டேன். அன்றைக்கு இரண்டு பிடி அரிசிச் சேவை கூடுதலாகச் சாப்பிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

இதில் ராணி யார், வேலைக்காரத் தேனீ யார் என்று தயவுசெய்து யாரும் உவமை பிடிக்கவேண்டாம். தேனீக்கள் ஒன்றின் மேல் ஒன்று பழி போடுவதில்லை.

நாற்பது அடி

மாசி வந்தது. புங்க மரம் கொழுந்து விட்டிருந்தது. பெட்டியில் கூட்டம் நிறைந்து, மேலே இன்னொரு அடுக்கு வைக்கவேண்டிய நாள். கருவி அறையிலிருந்து மாசிலாமணி எதையோ கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

அண்ணன் அனுப்பிய கையுறை. துடைத்து, எண்ணெய் தடவி வைத்திருந்தார். பத்து விரலின் நுனியையும் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்திருந்தார்.

"இந்தாங்க டீச்சரம்மா. வெயில்ல காயப் போட்டுக் காயப் போட்டு வாசனையும் போயிடுச்சு. வெரலும் வெளிய தெரியும். இனிமே எதைத் தொட்டாலும் கைக்குத் தெரியும்."

வாங்கிப் புரட்டிப் பார்த்தேன்.

"இது உனக்கு எப்போ கிடைச்சுது?"

"அன்னிக்கு சாயந்திரமே. சாக்கு எடுக்கப் போனேன். அடியில இருந்துச்சு. கட்டவெரல் தையல்ல ஒரு ரெக்க ஒட்டிக்கினு இருந்துச்சு."

"மிஸ்ஸம்மா கேட்டப்போ நீ ஏன் சொல்லல? உன் வேலையே போயிருக்குமே. எஸ்தரைப் பத்தி நெனச்சியா?"

என் குரல் அவரைத் திட்டுகிற குரலாகத்தான் வந்தது. பழக்கம்.

மாசிலாமணி கோபப்படவில்லை. குனிந்து, பெட்டிக் கால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"நான் சொன்னா மிஸ்ஸம்மா நம்புவாங்களா டீச்சரம்மா? அதான், நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

நாலு கிண்ணத்துக்கும் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு, அடுத்த அடுக்கை எடுத்துவர அறைக்குள் போனார்.

புங்க மரத்திலிருந்து மிஸ்ஸம்மா பங்களா வாசலுக்கு நாற்பது அடிதான் இருக்கும். ஐப்பசியிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்த வாசல். கையுறையைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்குத்தான் அங்கே நடந்து போனேன்.